கிண்ணத்தில் போடாத கல்

செப்டம்பர் 12, திங்கள்

ஞாயிறுதோறும் கூடும் எங்கள் சங்கத்துக்கு முப்பது வருஷம் ஆகிறது. துண்டுப் பிரசுரம் போடப் போகிறார்கள். 'நாங்கள் யார், எதற்காகக் கூடுகிறோம்' என்று ஒரு பக்கம் எழுதும் வேலையை ஹால்வர் என் தலையில் கட்டிவிட்டான்.

"பாதிரியார் இல்ல, வேதம் இல்ல, நரகம்கூட இல்ல. ஒரு பக்கத்தை எதை வெச்சு ரொப்புறது?" என்றேன்.

"காபி உண்டுன்னு எழுது, மரீட். பாதிப் பேர் அதுக்குத்தானே வர்றாங்க."

முப்பது வருஷமாக இதே ஜோக். சிரித்தேன். ஜூலைக்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகு உறைத்தது.

செப்டம்பர் 15

என் பேரன் நீல்ஸ் இருந்திருந்தால் இன்று ஐந்து மாதம். பதினோரு வாரம்தான் இருந்தான். தூங்கினான், எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 21

ஆனிகா நெடுஞ்சாலைப் பக்கத்துச் சபைக்குத் தவறாமல் போகிறாள். குழந்தை சொர்க்கத்தில் இருக்கிறான், நீ போய்ப் பார்ப்பாய் என்று அங்கே அடித்துச் சொல்கிறார்களாம். நான் பெற்ற பெண்! எதையும் கேள்வி கேள் என்று சொல்லி வளர்த்த பெண்.

அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் எங்கம்மா இருக்கான்?" என்று கேட்டாள். "தெரியலடி கண்ணு" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? அவள் கையை உருவிக்கொண்டாள்.

செப்டம்பர் 27

எழுதி முடித்தேன். "எந்த நம்பிக்கையோடும் வரலாம், எதுவும் இல்லாமலும் வரலாம். ஞாயிறுதோறும் நடுவில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். மனதில் உள்ளதைச் சொல்லி, ஏரிக்கரைக் கல் ஒன்றை அதில் போடலாம். அங்கே சொன்னதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டோம். யாரையும் திருத்த மாட்டோம்."

ஹால்வர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனிகாவுக்கு போன் செய்து, ஒரே ஒரு ஞாயிறு வா, அவனுக்காக ஒரு கல் போடு என்று கெஞ்சினேன். வருகிறாளாம்!

அக்டோபர் 2, ஞாயிறு

என்ன செய்துவிட்டேன் நான்.

அக்டோபர் 3

எழுதித்தான் ஆக வேண்டும்.

நீலக் கோட்டில் வந்தாள். கூடையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கல்லை எடுத்துக்கொண்டு கிண்ணத்தருகே நின்றாள். "என் பிள்ளை இயேசு மடியில இருக்கான். எனக்குத் தெரியும்" என்றாள். ஜூலைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் குரல் நடுங்கவில்லை.

நான் — யாராவது என்னைக் கேட்டார்களா? — உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். "'நம்புறேன்'னு சொல்லும்மா. அதெல்லாம் யாருக்கும் தெரியாது."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் வரலாம்னு சொன்னியேம்மா."

கல்லைக் கிண்ணத்தில் போடவில்லை. கையில் இறுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

வாசலில் ஹால்வர் என் கோட்டைப் பிடித்து மாட்டிவிட்டான். "நமக்குப் பாதிரியாரே இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன், மரீட்" என்றான். இந்தத் தடவை அது ஜோக் இல்லை.

அக்டோபர் 19

ஒன்பது தடவை கூப்பிட்டாயிற்று. ஒரு தடவை மருமகன் எடுத்தான். "அவளுக்குக் கொஞ்சம் நாள் வேணுமாம், அத்தை." பின்னால் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தேன்.

நவம்பர் 24, நன்றி நாள்

குடும்பமே கூடி வான்கோழி சாப்பிடும் நாள்; இந்த வருஷம் வான்கோழி வாங்கவில்லை. சின்னக் கோழி ஒன்று, காட்டரிசி. இரண்டு தட்டு வைத்தேன். எட்டு மணிக்கு ஒன்றை அலமாரியில் திருப்பி வைத்தேன்.

டிசம்பர் 8

தபாலில் ஒரு தடித்த உறை. டெக்சாஸ் முத்திரை. வீடு மாறிப் போய்விட்டார்கள், எனக்குச் சொல்லவில்லை! உள்ளே அந்தச் சாம்பல் கல். வேறு ஒன்றும் இல்லை. உறையைக் கிழித்து விரித்துக்கூடப் பார்த்தேன். அடிப் பாவி, ஒரு வரி எழுதக் கூடாதா?

உன் கல்லை நீயே வைத்துக்கொள் என்கிறாளா? எனக்காக நீ போடு என்கிறாளா?

டிசம்பர் 11, ஞாயிறு

டுலூத் ஊர் முழுக்கப் பனி. பதினாலு பேர்தான் வந்திருந்தார்கள். பிரசுரம் அச்சுக்குப் போகிறது. "'திருத்த மாட்டோம்'ங்கிற வரியை எடுத்துடு, ஹால்வர்" என்றேன். "இருக்கட்டும். நமக்காகவே இருக்கட்டும்" என்றான்.

கல்லோடு கிண்ணத்தருகே போனேன். "என் பேரன் இயேசு மடியில இருக்கான். ஆனிகாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போட்டேன்.

உடனே திரும்பி வந்துவிட முடியவில்லை. ஆமாம் மரீட், அங்கதான் இருக்கான் என்று யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டார்களா என்று அங்கேயே நின்றேன். ஹால்வர் முகத்தைக்கூடப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படித்தான் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.