மஞ்சள் தாயின் வால் கோடு

சேவூர், ஆரணி
வியாழக்கிழமை

கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் என் கணவர் திரு. பிரின்ஸ் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நானும் உங்கள் மகளும் சுகம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

போன வாரம், கோயில் ஆராதனை எத்தனை மணிக்கு முடியும் என்று போனில் விசாரித்தீர்களே, அப்போதே உங்கள் எண்ணம் எனக்குப் புரிந்துவிட்டது. நான் பாடகர் குழுவில் நின்று பாடிய நேரத்தில் வந்து, மாடித் தொட்டியிலிருந்த என் சிக்லிட் வண்ண மீன்களைக் குஞ்சுகளோடு அள்ளிப் போனீர்கள். மறுநாள் உங்கள் கடை வீடியோவில், “இந்தக் காக்கட்டூ மீன் ஜோடி என் சொந்த உழைப்பு” என்கிறீர்கள். அடேயப்பா! வயிறு எரிகிறது. போர் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று மழைத் தண்ணீர் பிடித்து, பாதாம் இலை ஊறப்போட்டது யார்? முட்டை பூஞ்சணம் பிடித்தபோது, “பேஜார் புடிச்ச வேலை, தூக்கிக் கடாசு” என்றது யார்?

நேற்று பக்கத்து வீட்டுப் பட்டுச் சாயக்கார முனியம்மாளுக்குப் போன் செய்து, “பொட்டை ஆணைக் கடிச்சுகினே இருக்குது, இன்னா செய்யறதுன்னு அவளைக் கேட்டுச் சொல்லு” என்றீர்களாம். சொல்கிறேன்.

குஞ்சுகளைக் காக்கும்போது இந்தப் பெண் மீன்கள் எல்லாமே மஞ்சளாகி ஒரே அச்சாகத் தெரியும். அகாசி என்ற இனத்துக்கு மட்டும் பக்கவாட்டுக் கறுப்புக் கோடு வால் நுனிவரை ஓடும். நீங்கள் கொண்டுபோன ஆண் காக்கட்டூ, தாய் அகாசி. இரண்டும் அபிஸ்டோ என்ற ஒரே வகைதான், ஆனால் வேறு வேறு இனம். நான்தான் அவற்றை ஒரே தொட்டியில், நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து விட்டிருந்தேன். நீங்கள் வாலைப் பார்க்க மாட்டீர்கள் என்று தெரியும். எதைத்தான் நின்று பார்த்திருக்கிறீர்கள்? தடுப்பில்லாமல் விட்டால் குஞ்சு வைத்திருப்பவள் அந்நிய ஆணை விடுவாளா?

ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வண்ண மீன் ஜோடிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். இந்தக் கடிதம் சனிக்கிழமைதான் கைக்கு வரும். பெயரை விலக்கிக்கொள்ள உங்களுக்கு நேரமிருக்கக் கூடாதென்று வேண்டுமென்றேதான் தாமதித்தேன். உண்மையான காக்கட்டூ ஜோடி முனியம்மாள் வீட்டுத் தொட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதை என் பெயரில் பதிந்து நானே கொண்டு வருகிறேன். உங்களுக்குப் பக்கத்து மேசை கேட்டிருக்கிறேன். நடுவர்கள் சிரிப்பதை நான் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

ஒரே வேண்டுகோள். ஆணை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அது என்ன பாவம் செய்தது? தாயையும் குஞ்சுகளையும் அன்றைக்கே என்னிடம் ஒப்படைத்துவிடுங்கள். கையோடு என் வீட்டுச் சாவியையும். கர்த்தர் உங்களை அங்கேயே நன்றாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஜோசப்ராஜ் மகள் இவாஞ்சலின்