திருவெள்ளறைக்கு ஆயிரம் மைல்

16-5-57, வியாழன். துவரங்குறிச்சி.

அனல். காலையிலிருந்து எதிர்க்காற்று வேறு. மதியம் முழுக்கப் புளியமரத்தடியில் படுத்துக் கிடந்தோம். இருதயராஜுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. இப்ராகிம் பாய் என் பின் டயரைத் தடவிப் பார்த்து, "திருச்சி வரைக்கும் தாங்கும் சார். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றார். ஒரு மாதமாகக் கூடவே ஓட்டி வருகிறார், இன்னும் சார்தான்.

மன்னார்புரத்தில் சைக்கிள் கடை அவருக்கு. இருதயராஜ் எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர். கோடை விடுமுறையில் கன்னியாகுமரி, திருவனந்தபுரம், கோவை, மதுரை என்று சுற்றிவிட்டு வரலாம் என்றது அவன். ஆயிரம் மைல் ஆக வேண்டும் என்றது நான். பாய் அதற்காகவே என் முன்சக்கரத்தில் ஒரு மைல் மீட்டர் பொருத்திக் கொடுத்தார்.

டீக்கடைக்காரர் கேட்டார்: "பஸ்தான் ஓடுதே, எதுக்குங்க இப்படி வெயில்ல சாவுறீங்க?" மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். டீயைக் குடித்தேன்.

இருமல் இல்லை. மூச்சும் பரவாயில்லை.

17, வெள்ளி. வீடு.

விராலிமலை தாண்டியதும் காற்று திரும்பி முதுகில் தள்ளியது. நல்ல காற்று. மன்னார்புரம் முனையில் மூவரும் இறங்கி நின்றோம். மீட்டர் 985. பாயின் பெண்டாட்டி கடை வாசலுக்கே வந்துவிட்டார். "கறுத்துப் போயிட்டீங்களே" என்று அழுகை.

நான் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். பல்லி. தூசி. குழாயில் தண்ணீர் இல்லை.

இரண்டு வருஷமாக இப்படித்தான். நெஞ்சில் காசம் என்று தெரிந்த வாரமே மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்து, மகள் கனகத்தையும் எங்கள் குழந்தையையும் திருவெள்ளறைக்கு அழைத்துப் போனார். எனக்கு சானடோரியம். போன வருஷம் குணமாகித் திரும்பினேன். எக்ஸ்ரே சுத்தம். "இனி ஓடலாம், ஆடலாம்" என்றார் டாக்டர். மாமா மட்டும், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் மாப்ளே" என்கிறார். போகும்போதெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார். கனகம் நிலைப்படி அருகே நிற்பாள். குழந்தையை வெளியே விடுவதில்லை. பஸ் நேரம் வந்துவிடும்.

ஆகவே இந்தச் சவாரி. ஆயிரமாவது மைல் அவள் வாசலில் முடிய வேண்டும். இங்கிருந்து அங்கே பதினைந்து. கணக்கு சரியாக இருக்கிறது.

18, சனி.

தொடை இரண்டும் மரக்கட்டை. துணி துவைத்தேன். பாயிடம் புது டயர்.

ஜன்னலில் கனகத்தின் கோலமாவுக் கொட்டாங்கச்சி அப்படியே இருக்கிறது. மாவு கட்டி தட்டிப்போயிருக்கிறது. அவள் தலையணைக்கு உறை மாற்றினேன். பிறகு, அவசரப்படுகிறோமோ என்று தோன்றியது. பழைய உறையையே திரும்பப் போட்டேன்.

அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசும்போது பாதிப் பேச்சில் சிரித்துவிடுவாள், மீதி புரியாது. அந்தச் சத்தம் ஞாபகத்துக்கு வருகிறது. சிரிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பது வரவில்லை. வெகுநேரம் முயன்றேன்.

ரசம் வைத்தேன். உப்பு போட மறந்தேன்.

19, ஞாயிறு.

கால் வலி. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

இருதயராஜ் பூசை முடிந்து பாலக்கரையிலிருந்து வருவதாகப் பேச்சு. வரவில்லை. தேடிப் போய் அழைத்து வந்தேன். அதில் இரண்டு மைல் கூடிவிட்டது. கணக்கு போயிற்று.

காவிரியில் மணல்தான். ஸ்ரீரங்கத்தில் தண்ணீருக்கு நிறுத்தினோம். குடத்தோடு வந்த மாமி ஒருத்தி, "இந்த வெய்யில்ல எங்கே கெளம்பிட்டேள்?" என்றாள். பாய், "சாருக்கு மாமியார் வீடுங்க" என்றார். "அப்போ நிறையக் குடிச்சுட்டுப் போங்கோ" என்று கை நிறைய ஊற்றினாள்.

கொள்ளிடம் பாலம். டோல்கேட். மண்ணச்சநல்லூர் தாண்டி ஓர் அரிசி ஆலை வாசலில், லாரிக்கு ஒதுங்கிப் போகும்போது மீட்டர் 999 தாண்டிப் புரண்டது. எல்லாம் சைபர். நெல் காயப்போட்டிருந்த பெண்கள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருதயராஜ் என்னைக் கட்டிக்கொண்டான். பாய் மீட்டரைத் தன் துண்டால் துடைத்தார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இங்கே நடந்து என்ன பிரயோஜனம் என்றுதான் இருந்தது. "உன் நெஞ்சு ஆயிரம் மைல் தாங்கியிருக்குடா, அதை நெனைச்சுப் பாரு" என்றான் இருதயராஜ். அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது.

மாமா களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். வேர்வையோடு மூன்று பேர் வந்து இறங்கியதும் திகைத்துப்போனார்.

"ஆயிரம் மைலுங்க, கன்னியாகுமரி எல்லாம் போயிட்டு வர்றோம். மீட்டர் ஒரு சுத்து சுத்திடுச்சு, பாருங்க" என்றான் இருதயராஜ்.

மாமா குனிந்து பார்த்தார். பொறுமையாகவே பார்த்தார். "மீட்டரு சைக்கிளுக்குத்தானே தம்பி. உள்ள இருக்கறதை எது காட்டும்? என் தம்பியும் நல்லாயிட்டேன்னுதான் சொன்னான். ஏர் ஓட்டினான். ஆறே மாசம்."

அவருடைய தம்பியைப் பற்றி இத்தனை வருஷத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். கோபப்பட முடியவில்லை.

கனகம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இளைத்திருக்கிறாள். மற்றவர்கள் குடித்த பிறகு நான் வாங்கி, சானடோரியப் பழக்கத்தில் அண்ணாந்து ஊற்றினேன். மூக்கில் ஏறிவிட்டது.

"வாய் வச்சே குடிங்க" என்றாள்.

குடித்தேன். அவள் செம்பை வாங்கினாள். அப்பாவைப் பார்த்தபடி, மிச்சத் தண்ணீரைத் தானும் வாய் வைத்துக் குடித்தாள். நிதானமாக, கடைசிச் சொட்டு வரை.

மாமா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "புதன்கிழமை நல்ல நாளு" என்றார்.



20, திங்கள்.

வீடு கழுவினேன். உறை மாற்றினேன்.

21, செவ்வாய்.

தூக்கம் இல்லை. தலைவலி. பால்காரரிடம் நாளையிலிருந்து அரைப்படி சொல்லியாயிற்று. "விருந்தாளிங்களா?" என்றார்.

22, புதன்.

காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டில். திருவெள்ளறை வழியாக வரும் துறையூர் பஸ் மூன்று வந்து போயின. அவள் இல்லை. மாமா மனசு மாறிவிட்டார் என்றே முடிவு கட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி வந்தேன். ஏறி ஓட்டத் தெம்பில்லை.

வீட்டு வாசலில் மாட்டு வண்டி. மாமா அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். பூட்டிய கதவருகே கனகம்.

"எங்க போயிட்டீங்க? சாவி எங்க?"

மாமா சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார். கனகம் உள்ளே பாத்திரங்களை உருட்டுகிறாள். வசந்தாவுக்கு நாலு வயசு, என்னைத் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "நீங்க யாரு?" என்றாள்.