பச்சைத் துணியில் தைத்த காகிதங்கள்

அன்புள்ள அலி அஸ்கர் காக்காவுக்கு உம்மாவும் தங்கை ஸமீஹாவும் ஸலாம் சொல்லி எழுதுவது. உம்மாவின் வலது கண்ணைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம், தம்மாமில் நீங்களும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். கண்ணில் புரை எடுத்து நான்கு நாள்தான் ஆகிறது, அதனால் உம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். காஜா முகைதீன் மாமா நாளை அங்கே வர விமானம் ஏறுகிறார், ஊறுகாய்ப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்துவிடுகிறோம். போனில் சொல்ல முயன்றபோதெல்லாம் உம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். ஆகவே நடந்ததை நடந்தபடி, உம்மா சொன்னதைச் சொன்னபடி, எனக்குப் பாதகமானதையும் சேர்த்து உண்மையாக எழுதப்போகிறேன்.

முதலில் உம்மா சொல்வது. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. வெள்ளிக்கிழமை ரெண்டு நிமிஷம் பேசிட்டு வைக்கட்டுமான்னு கேக்கியே, அதுக்குப் பேரு விசாரிப்பா? பக்கத்து வீட்டு இஷ்ரத்துக்கு நிக்காஹ் முடிவாயிட்டு, உனக்குப் பொண்ணு பாக்கவா வேண்டாமா, கேட்டா சிரிச்சே மழுப்புத. இதையெல்லாம் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

இனி என் விஷயம். அலமாரி மேல் தட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் பச்சைத் துணியில் தைத்து வைத்திருந்த காகிதக் கட்டு நினைவிருக்கும். வாப்பாவின் மாமி ஜுபைதா பீவி வாப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் கையில் கொடுத்து, இதைப் பிரிக்காதே என்று சொன்ன கட்டு. வாப்பா சவூதியில் இருந்த பன்னிரண்டு வருஷமும் அது அங்கேதான் இருந்தது. கைகால் கழுவி ஒளு செய்யாமல் நாம் அதைத் தொட்டதில்லை. கணக்குப் பரீட்சைக்கு நான் அதை முத்தமிட்டுப் போனேன், நீங்கள் விமானம் ஏறிய அன்று உம்மா அதை உங்கள் தலையைச் சுற்றி எடுத்தார். போன மழையில் தட்டில் தண்ணீர் ஒழுகி உறை நனைந்தது. உலர்த்துவதற்காகத் தையலைப் பிரித்தேன். உள்ளே ஒரு பக்கம் மட்டும் எழுதிய நான்கு தாள், எல்லாம் அரபி எழுத்து. ஓதுவதுபோல மெதுவாகச் சத்தம் போட்டுப் படித்தேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுப்படியில் மிக்சி நின்றது. ஏளா, அது தமிழ்ல்லா, திரும்பப் படி என்றார் உம்மா. அந்தக் காலத்துப் பெண்கள் தமிழை அரபி எழுத்தில் எழுதுவார்களாம். அது துஆ இல்லை காக்கா. கொழும்புக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஒரு வரிகூட எழுதாத புருஷனை ஜுபைதா பீவி திட்டி எழுதி, அனுப்பாமல் வைத்துத் தைத்த கடிதம். அதைச் சுற்றித்தான் உங்களைப் பயணம் அனுப்பியிருக்கிறோம்.

உம்மா முதல் பக்கத்துக்குச் சிரித்தார். ஆற்றில் வெள்ளம் வந்து தெருவில் முட்டளவு தண்ணீர் நின்றது, மாமியார் முட்டையை எண்ணி வைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. நாலாவது பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ‘வருவதானால் வாரும், வராவிட்டால் அதையாவது ஒரு வரி எழுதும். நான் உமக்குப் பெண்சாதியா, உம் வீட்டுக்குக் காவலா என்று தெரிந்துகொண்டு சோறு தின்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார்.

கொற்கைத் துறைமுகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து வரலாற்றில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள் நான். கப்பல், முத்து, குதிரை எல்லாம் எழுதினேன். கப்பல் ஏறினவன் வீட்டில் யார் எத்தனை நாள் வாசலைப் பார்த்தார்கள் என்று பாடத்தில் இல்லை. இல்லையே என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை, அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எங்கள் வரலாற்று டீச்சர் சித்ரலேகா, வீட்டிலிருக்கும் பழைய ஆவணம் ஒன்றைப் பள்ளிக் கண்காட்சிக்குக் கொண்டுவரச் சொன்னார். இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார், ஆனால் வீட்டுப் பெரியவர் கையெழுத்து இல்லாமல் வைக்க முடியாதாம். வாப்பா இல்லாத இந்த வீட்டில் பெரியவர் உம்மாதான், உம்மா மாட்டேன் என்கிறார். குடும்பத்து மானத்தப் பள்ளிக்கூடத்துச் செவுத்துல ஒட்டவா படிக்க அனுப்புதேன் என்று கேட்கிறார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன், இரண்டு நாள் பேசவில்லை, அதுவும் உண்மை. வியாழக்கிழமைக்குள் நீங்கள் போன் செய்து ஒரு வார்த்தை சொன்னால் உம்மா கேட்பார்.

இவ்வளவும் எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் சொல்லாததயெல்லாம் எழுதிருக்கியே என்றார். எதையும் அடித்து எழுதச் சொல்லவில்லை. பிறகு, மூணு பக்கத்தக் கொண்டு போ, கையெழுத்துப் போடுதேன், நாலாவது இங்கனயே இருக்கட்டும் என்றார். அதுதானே முக்கியம், உம்மா என்றேன். அதனாலதான், அத நான் எழுதினதுன்னு ஊர்ல நினைப்பாக என்றார்.

நீங்கள் போன் செய்யும்போது நாலாம் பக்கத்துக்காகப் பேச வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் பேசுங்கள், ஆனால் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடாதீர்கள். உடம்புக்கும் சம்பாதிக்கிற ரிஸ்குக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்கிறார் உம்மா. ஊறுகாயில் ஈரக் கரண்டி படக் கூடாதாம்.

உம்மா சொல்ல எழுதியது,
ஸமீஹா, பேட்டை.

வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று உம்மா விளக்கை அணைத்துவிட்டார்.