விம்மலுக்கு விழுந்த வாக்கு

ஒக்டோபர் 12, ஞாயிறு

குடியிருப்பாளர் சங்கத்தின் விழாவில் கிளெஸ்மர் வாசிக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கலியாண இசை அது. இன்று இரண்டு கிளாரினெட்காரர்கள் வந்து, தேர்வுக் குழுவில் இருந்த எங்கள் ஏழு பேருக்கும் வாசித்துக் காட்டினார்கள்.

முதலாமவர் கண்ணை மூடி, முழங்காலை மடித்து, ஒவ்வொரு சுரத்தையும் விம்ம வைத்தார். மலிவான அழுகை. இரண்டாமவர் அசையாமல் நின்றார். ஒரே ஒரு இடத்தில்தான் விம்மினார். எனக்கு உடல் சிலிர்த்தது.

கடைக்காரர் சிவா அண்ணைக்கு முதலாமவரைத்தான் பிடித்தது. "உயிரைக் குடுத்தெல்லோ வாசிச்சவர்! மற்றவர் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிண்டவர்."

வியர்த்தால் அது இசை என்று நம்புகிற மனிதர்.

வாக்குகள் மூன்றுக்கு மூன்று. என்னுடையது மட்டும் மிச்சம்.

"தங்கச்சி, நீர் படிச்சனீர். சொல்லும்."

இவர்களோடு யார் வாதாடுவது என்று நினைத்தேன்.

"உங்கட விருப்பம்தான் அண்ணை."

"பாத்தீங்களோ, படிச்ச ஆக்களுக்கும் அதுதான் பிடிச்சிருக்கு!"

இரண்டாமவரிடம் முடிவைச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே, "எங்கே பிழை விட்டேன், மதாம்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"எங்கேயும் இல்லை" என்றேன்.

"அப்படியானால் உங்கள் வாக்கு எனக்குத்தானே?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். சிவா அண்ணையாவது தான் நம்பியதைச் சொன்னார்.