வேம்புக்கு மஞ்சள் பூசியவர்கள்

சமையலறை ஜன்னலைத் திறந்ததும் வேப்பம்பூ வாசனை குப்பென்று வந்தது. உடனே உன் மேல்தான் கோபம் வந்தது. இப்படி ஒரு நேரத்தில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாயே. நீ இறந்து இரண்டு வருடமாகியும் அப்படித்தான் தோன்றுகிறது.

நம் அப்பார்ட்மென்ட் மரத்தை மறுபடியும் வெட்டக் கிளம்பினார்கள். அதே காரணம்தான், பார்க்கிங். கூட்டத்தில் ஆளுக்கொரு வேதம். மண்ணுக்கடியில் விளைவதைப் பாவமென்று தொடாத ஜெயின் அங்கிள், மரத்தை வேரோடு எடுக்கச் சம்மதித்தார். காக்கை காரில் எச்சமிடுகிறதாம். மேரி ஆன்ட்டி, "பூமியை ஆண்டவர் நம்ம கையிலதானேம்மா குடுத்திருக்காரு" என்றார். பாத்துக்கச் சொல்லிக் குடுத்தாரா, பார்க்கிங் போடச் சொல்லியா என்று கேட்க வாய் வரை வந்தது. எங்கள் வீடு மட்டும் ஒழுங்கா? உகாதிப் பச்சடிக்கு இதே மரத்தில் பூப் பறித்த என் கணவர், "காத்துல கார் மேல விழுந்தா?" என்கிறார்.

மகள் வேறு, "அம்மா, செட்டு கொட்டேஸ்தாரா?" என்று இந்த ஊர்த் தெலுங்கில் நச்சரித்தாள். வெட்டத்தான் போகிறார்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வீசிங் உள்ள பிள்ளை. வெளியே விளையாட இந்த ஒரு நிழல்தான்.

போன தடவை மஞ்சளும் சிவப்புத் துணியுமாக நான் கீழே இறங்கியது ஞாபகமிருக்கிறதா? சாமி மரமாக்கிவிட்டால் ஒருத்தரும் தொட மாட்டார்கள் என்பது என் கணக்கு. நீ கையைப் பிடித்து நிறுத்தினாய். "மரம் பொழச்சுக்கிடும்ளா. பொறவு நான் எங்க உக்காருவேன்?" ஆபீஸ் முடிந்து தினமும் நீ டீ டம்ளரோடு உட்காருகிற இடம் அது.

"எங்க மார்க்கத்துல மரம் நடுறதே தர்மம். அதுல கொத்தித் திங்கிற குருவிக்கும் சேத்து நன்மை உண்டு. உனக்கு மரத்துல சாமி, எனக்கு மரத்தைப் படைச்சவன். ரெண்டு பேரும் வெட்டாதேன்னுதான சொல்லுதோம்? அதைச் சொல்லதுக்கு எதுக்கு மஞ்சள்?" என்றாய். துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறினாய். உன் வாய்க்குப் பயந்தே மரத்தை விட்டார்கள்.

எனக்கு அந்த வாய் இல்லை. இந்த முறை நான் நாலு வீடு ஏறுவதற்குள் யாரோ முந்திக்கொண்டார்கள். நேற்றுக் காலை அடிமரத்தில் மஞ்சள், குங்குமம், ஒரு செங்கல்லில் அம்மன். மரம் வெட்ட ஆள் கூட்டி வந்த செயலாளர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். மரம் தப்பியது. சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

இன்று சாயங்காலம் விளையாட வந்த உன் மகள் தள்ளியே நின்றாள்.

"ஆன்ட்டி, இப்ப நான் அங்க வரலாமா?"

நான் செருப்பைக் கழற்றினேன். இரண்டு நாற்காலிகளை இழுத்து மரத்தடியில் போட்டு, அவளை ஒன்றில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். செயலாளர் வேகமாக வந்தார். "இக்கட கூர்ச்சோகூடதம்மா" என்றார். நேற்று வரை அதை வெட்டத் துடித்தவர், இன்று அங்கே உட்காரக் கூடாதென்கிறார்.

"அம்மன் அந்தப் பக்கம் இருக்கட்டும் சார். நாங்க இந்தப் பக்கம் இருக்கோம்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் முறைத்துக்கொண்டே போனார்.

நாளைக்கும் வந்து கேட்பார். நாளைக்கும் என் குரல் நடுங்கத்தான் செய்யும். எழுந்திருக்க மாட்டேன். அந்தப் பிடிவாதம் என்னுடையதில்லை, உன்னுடையது.