இந்தத் தடவை நான்

மார்ச் 3

அன்புள்ள சின்னவளின் அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். என் தையல் வேலையும் நன்றாக நடக்கிறது. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்கள் போட்டோவைப் பார்த்து, "அப்பாவுக்கு மட்டும் எல்லாப் பல்லும் இருக்கு" என்று பொறாமைப்படுகிறாள்.

நீங்கள் லீவு முடிந்து போனபின் எனக்கு நாள் தள்ளிப்போய், உயிர் போய் உயிர் வந்தது. நல்லவேளை, ஒன்றுமில்லை. டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார்: "உன் பிரஷருக்கு இன்னொரு பிரசவம் தாங்காதும்மா." மே மாதம் கருத்தடை ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீங்கள் வர வேண்டும்.

போனில் சொல்லியிருப்பேன். உங்கள் அறையில் எல்லோருக்கும் காது நீளம், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

உங்கள்
வீட்டுக்காரி

மார்ச் 14

என் அன்புத் தையல்காரிக்கு,

உன் கடிதத்தைக் கிரேன் கூண்டில் வைத்துப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழிருந்து சூப்பர்வைசர், "மேல என்ன, தூக்கமா?" என்று கத்தினார்.

இரண்டு பிரசவத்திலும் உன் வயிற்றைத்தான் கீறினார்கள். மறுபடியும் நீயேவா? ஆண்களுக்குச் செய்வது சின்ன ஆபரேஷனாம், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாமாம். நானே செய்துகொள்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பயமாக இருக்கிறது. ஏணி ஏறும் தெம்பு போய்விடுமோ, உனக்கு நான் பழைய ஆளாக இருக்க மாட்டேனோ என்று. சிரிக்காதே.

உன்
கிரேன்காரன்

மார்ச் 25

அன்புள்ள உங்களுக்கு,

சிரித்தேன். அப்புறம் அழுதேன். தெம்பும் போகாதாம், மற்றதும் போகாதாம். டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். கேட்கும்போது என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

ஆனாலும் உங்களுக்கு வேண்டாம், நானே செய்துகொள்கிறேன். காரணத்தை எழுதக் கை வரவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீங்கள் ஒண்டிக்கட்டையாக நிற்கக் கூடாது. வருகிறவளுக்கும் தன் பிள்ளை என்று ஒன்று வேண்டியிருக்கும். அந்த வழியை அடைத்துவிடாதீர்கள்.

உங்கள்
வீட்டுக்காரி

ஏப்ரல் 20

அடி பைத்தியக்காரி,

உயிரோடு இருக்கும்போதே எனக்குப் பெண் பார்க்கிறாயா? வந்த கோபத்தில் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். "வீட்டம்மாவுக்குச் சம்மதமா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல சார், அதான் வந்தேன்" என்றேன்.

அன்றே முடிந்துவிட்டது. வெட்கத்தில் அறையில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன். அது வினையாகிவிட்டது. எல்லோரும் பழத்தோடு கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். சூப்பர்வைசரோ ஒரு மாதம் கிரேன் பக்கமே வரக் கூடாது என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் உண்மையை உடைத்தேன். ஒரே சிரிப்பு. வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. அப்புறம் தனியே வந்து, "எந்த டாக்டருண்ணே?" என்று மெல்லக் கேட்டான்.

நேற்றிலிருந்து மேலேதான் வேலை. மூன்று மாதம் கழித்து ஒரு பரிசோதனை இருக்கிறது, அதுவரை நாம் கவனமாக இருக்க வேண்டும். மே மாதத் தேதியை வேண்டாம் என்று சொல்லிவிடு. பிரஷர் மாத்திரையை மறக்காதே.

எனக்கு வர வேண்டியவள் வந்தாயிற்று. நீ இரு, போதும்.

உன்
வீட்டுக்காரன்