காதில் சொல்ல வேண்டிய பெயர்

கார்டன் ரீச், கல்கத்தா
12-9-1974

அன்புள்ள வனஜாவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? ஆடியில் அம்மா காரியத்துக்கு வந்ததில் லீவு தீர்ந்துவிட்டது. பெயர் வைக்கும் நாளுக்கு வர முடியாது.

அம்மா பெயரே இருக்கட்டும், சுப்பம்மாள். மாமியார் பெயரைச் சொல்லி நீ எப்படிக் கூப்பிடுவாய்? பக்கத்து வீட்டு வங்காளி அண்ணியிடம் கேட்டேன். "எங்க பிள்ளைங்களுக்கு வீட்டில கூப்பிட வேற பேர் உண்டு. மினுன்னு வையுங்க" என்றார். பிடித்தால் வைத்துக்கொள்.

குழந்தையின் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து கவரில் வை. துர்கா பூஜைக்குச் சட்டை எடுக்க வேண்டும்.

என் இடத்தில் அப்பாவே அவள் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்லட்டும். அம்மா இருந்தவரை அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓட வேண்டும். அவர் எப்படிச் சொன்னார் என்று மட்டும் எழுது.

கருப்பையா